"நான் பக்கத்தில் நின்றால் போதும், எல்லாம் செய்வான்"

வாசகர் கடிதம்: என் மகனுக்கு 15 வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். பத்துப் பன்னிரண்டு வார்த்தைகள் பேசுவான், அதுவும் நாங்கள் கேட்டால்தான். சிறப்புப் பள்ளியில் படிக்கிறான், 18 வயதுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது என்று இப்போதே சொல்லிவிட்டார்கள். பல் தேய்ப்பது, குளிப்பது, துணி மாற்றுவது எல்லாம் நான் பக்கத்தில் நின்றால் போதும், செய்வான். வாரத்தில் மூன்று நாள் ஸ்பீச் தெரபி, வீட்டில் தினமும் ஒரு மணி நேரம் எழுத்துப் பயிற்சி. நான்கு மாதமாகத் தன் கன்னத்தில் தானே அடித்துக்கொள்கிறான், வயசுக் கோளாறு என்கிறார்கள். என் கணவர் ஸ்டெம் செல் சிகிச்சைக்கு விசாரித்துக்கொண்டிருக்கிறார். கல்லூரியில் படிக்கும் மகள், உங்களுக்குப் பிறகு தம்பியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள், அதைக் கேட்டால் நிம்மதியைவிடப் பயம்தான் வருகிறது. இனி அவனுக்குப் பேச்சு வருமா? படிப்பைத் தொடரவா, ஏதாவது தொழில் கற்றுக்கொடுக்கவா? எங்கள் காலத்துக்குப் பிறகு என்ன?

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் நின்றது அவற்றில் இல்லை, நடுவில் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்களே, கன்னத்தில் அடித்துக்கொள்கிறான் என்று, அந்த வரியில். எந்தப் பக்கக் கன்னம்? எப்போதும் அதே பக்கமா? சாப்பிடும்போது அதிகமா, படுக்கப் போகும்போது அதிகமா? ஒரு வாரம் கவனித்து எழுதிவைத்துக்கொண்டு பல் டாக்டரிடம் போங்கள், அப்புறம் காதையும் பார்த்துவிடுங்கள். வலிக்கிறது என்று சொல்ல வார்த்தை இல்லாத பிள்ளை கையால்தான் சொல்வான். என்னிடம் படித்த ஒரு பையன் இரண்டு மாதம் தாடையில் குத்திக்கொண்டே இருந்தான், நாங்களும் ஸ்டிக்கர், பரிசு, அட்டவணை என்று என்னென்னவோ செய்துபார்த்தோம், கடைசியில் பார்த்தால் கடைவாய்ப் பல் ஒன்று வேர் வரைக்கும் சொத்தை. பல்லைப் பிடுங்கி நாலு நாளில் கை கீழே இறங்கிவிட்டது. இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் அவன் வாயைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லையே என்று இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது. மலச்சிக்கலும் இப்படித்தான், ஆளையே மாற்றிவிடும். இன்னொன்றும் மனதில் இருக்கட்டும்: ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், சிலருக்கு அது இந்த விடலை வயதில்தான் முதன்முதலாகத் தலைகாட்டும். திடீரென்று சில நொடி உறைந்துபோய் நிற்பது, வெறித்த பார்வை, கைகால் வெட்டி இழுப்பது என்று புதிதாக எதையாவது கண்டால் நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். இதையெல்லாம் பார்த்து முடித்த பிறகு வயசுக் கோளாறு பற்றிப் பேசலாம்.

சரி, பேச்சு.

ஐந்து வயதுக்குள் பேசாவிட்டால் அவ்வளவுதான் என்று ஒரு காலத்தில் எல்லோரும் சொன்னார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். 2013ல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு வயதில் பேச்சு மிகவும் பின்தங்கியிருந்த 535 ஆட்டிசக் குழந்தைகளை எட்டு வயதிலோ அதற்குப் பிறகோ பார்த்தார்கள். 70 சதவீதம் பேர் சொற்றொடராகப் பேசும் நிலைக்கு வந்திருந்தார்கள், பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் சரளமாகவே பேசினார்கள். ஆக, கதவு ஐந்து வயதில் சாத்திக்கொள்வதில்லை. ஆனால் உங்கள் மகனுக்கு 15. உங்களிடம் பூசி மெழுகிப் பேச மாட்டேன். புதுச் சொற்கள் வரலாம், வரும். கோர்வையாகப் பேசுவான் என்று நம்பிக்கை கொடுத்து அதற்காகவே இன்னும் மூன்று வருடத்தைச் செலவழிக்கச் சொன்னால் அது நான் உங்களுக்குச் செய்யும் துரோகம்.

தெரபியை நிறுத்தச் சொல்லவில்லை, அதில் என்ன நடக்க வேண்டும் என்பதை மாற்றச் சொல்கிறேன். பேச்சு வேறு, தன் தேவையை இன்னொரு மனிதரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு. "நாங்கள் கேட்டால்தான் பேசுவான்" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் முடிச்சு. யாரும் கேட்காதபோது அவனாகவே வந்து ஒன்றைச் சொல்கிறானா? பட அட்டையை எடுத்துக் கையில் கொடுத்துக் கேட்கும் பெக்ஸ் என்ற முறையை 1985ல் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் என்ற இருவர் உருவாக்கியது இந்த இடத்தைச் சரிசெய்யத்தான். அதன் முதல் கட்டத்துக்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒருவர் அவனுக்குப் பிடித்த பொருளோடு எதிரில் இருப்பார், இன்னொருவர் அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவன் கை பொருளை நோக்கி நீளும்போது மட்டும் அந்தக் கையைப் பிடித்து அட்டையை எடுத்து எதிரில் இருப்பவர் கையில் வைக்கச் செய்வார். இரண்டு பேரும் அதுவரை வாயைத் திறக்கவே கூடாது. "என்ன வேணும்?" என்று கேட்கக்கூடாது, "கொடு" என்று சொல்லக்கூடாது. கேட்டுவிட்டால் அடுத்த முறையும் அவன் அந்தக் கேள்விக்காகக் காத்திருப்பான், நாம் கேட்க மறந்தால் பசியோடு உட்கார்ந்திருப்பான். (வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்துபார்த்தால்தான் தெரியும். புது டீச்சர்களை நான் முதலில் பழக்குவது இதற்குத்தான். நான் சேர்ந்த புதிதில் "சொல்லு, குட் மார்னிங்" "சொல்லு, குட் மார்னிங்" என்று ஒரு சின்னப் பையனிடம் மாதக்கணக்கில் சொன்னேன், அவன் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் "சொல்லு குட் மார்னிங்" என்கிறான். தப்பு அவன் மேல் இல்லையே.)

அட்டையோ, டேப்லெட்டில் படத்தைத் தொட்டால் குரல் கொடுக்கும் ஆப்போ, எது அவனுக்கு ஒத்துவருகிறதோ அது. இதைக் கொடுத்தால் வரும் பேச்சும் வராமல் போய்விடும் என்று பயப்படாத பெற்றோரை நான் பார்த்ததில்லை. இதுபற்றி வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2006ல் அலசிப் பார்த்தார்கள், அதில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை, பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது. ஆப் போட்டவுடன் எல்லோரும் சாப்பாட்டுப் படத்தையும் பொம்மைப் படத்தையும் ஏற்றிவிடுவார்கள். நீங்கள் முதலில் ஏற்ற வேண்டியவை "வேண்டாம்", "நிறுத்து", "வலிக்குது", "உதவி", "போதும்". நாளைக்கு நீங்கள் இல்லாத இடத்தில் ஒருவர் அவன் மேல் கை வைத்தால் அவனிடம் இருக்கப்போவது இந்த ஐந்து பொத்தான்கள்தான். அவன் "வேண்டாம்" என்று அழுத்தும்போது வீட்டில் இருப்பவர்கள் முடிந்தவரை மதிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது வேலை செய்யாத பொத்தான் என்று முடிவு கட்டிவிடுவான். யாராவது அவன் கையைப் பிடித்துக்கொண்டு டைப் அடிக்கவைத்து, பாருங்கள் எவ்வளவு அறிவாக எழுதுகிறான் என்று காட்டினால் நம்பாதீர்கள், எழுதுவது கையைப் பிடித்திருப்பவர்தான் என்று சோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது.

ஸ்டெம் செல் பற்றி ஒரு பத்தி போதும். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில், 2 முதல் 7 வயதுக்குட்பட்ட 180 குழந்தைகளை வைத்து, ஸ்டெம் செல் உள்ள தொப்புள்கொடி ரத்தம் ஏற்றியவர்களைப் போலி மருந்து பெற்றவர்களோடு ஒப்பிட்டு நடத்திய ஆய்வின் முடிவு 2020ல் வந்தது. எதை முன்னேற்றுவதற்காகத் தொடங்கினார்களோ, அந்தப் பழகும் திறனில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இப்படி முறையாக நடத்திய இடத்திலேயே கதை இது, விளம்பரம் கொடுத்துப் பணம் வாங்குகிற இடத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கணவரோடு இதற்காகச் சண்டை போடாதீர்கள். ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று துடிக்கிற மனுஷனுக்குச் செய்ய ஒரு வேலை வேண்டும், அவ்வளவுதான். அந்த வேலை என்ன என்று கீழே சொல்கிறேன்.

இப்போது உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்ட வரிக்கு வருகிறேன். "நான் பக்கத்தில் நின்றால் போதும், எல்லாம் செய்வான்." பெருமையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், பெருமைப்பட வேண்டியதும்தான், ஆனால் நான் மார்க் போடுகிற முறையில் அவனுக்கு இன்னும் எதுவும் செய்யத் தெரியாது. உங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான் தெரியும். ஒரு பையன் கை கழுவுவான், அழகாகச் சோப்புப் போட்டு, விரலிடுக்கெல்லாம் தேய்த்து, தண்ணீரில் கையைக் காட்டியபடி நிற்பான். நின்றுகொண்டே இருப்பான். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். அவன் அம்மா அடுத்த அறையிலிருந்து "போதும்" என்று சொன்னால்தான் குழாயை மூடுவான். ஒருநாள் அம்மா போன் பேசிக்கொண்டிருந்து மறந்துவிட்டார், இருபது நிமிடம் நின்றிருக்கிறான், விரல் எல்லாம் வெளுத்துச் சுருங்கிப்போய். அவனுக்குக் கை கழுவும் வேலையின் கடைசிப் படி குழாயை மூடுவது அல்ல, அம்மாவின் "போதும்". நாம்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம், பத்து வருடமாக, ஒரு நாள் தவறாமல்.

நாளைக்கு அவன் குளிக்கும்போது நீங்கள் எத்தனை முறை வாய் திறக்கிறீர்கள் என்று எண்ணிப்பாருங்கள். "ம்", "அப்புறம்", "அந்தக் கை", எல்லாம் கணக்கு. இருபதுக்குக் குறைந்தால் எனக்கு ஆச்சரியம். தொட்டுச் செய்யவைக்கிற உதவியைக்கூடச் சீக்கிரம் விலக்கிவிடலாம், குரலை விலக்குவதுதான் மிகவும் கஷ்டம், ஏனென்றால் நமக்கே தெரியாமல் வந்துவிடும். ஆகவே சொல்ல நினைப்பதையெல்லாம் சுவரில் ஒட்டுங்கள். குளிக்கும் வேலையை எட்டோ பத்தோ படியாக உடைத்து, அவனுடைய சோப்பு, அவனுடைய துண்டு என்று போட்டோ எடுத்து, நனையாதபடி லேமினேட் செய்து வரிசையாக ஒட்டுங்கள். அவன் நின்றால் பேசாதீர்கள், மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள், அப்புறமும் நகரவில்லை என்றால் பின்னாலிருந்து கை நீட்டி அடுத்த படத்தைக் காட்டுங்கள், முகத்தைக் காட்டாதீர்கள். சில வாரம் கழித்து ஓரடி பின்னால், அப்புறம் வாசற்படி, அப்புறம் கதவுக்கு வெளியே. ஒரு படி பின்வாங்கியதும் எல்லாம் குழம்பும், அதற்காக உடனே பழைய இடத்துக்கு ஓடிவந்துவிடாதீர்கள்.

இந்தக் குளியலறை விஷயத்தை மட்டும் உங்கள் கணவரிடம் ஒப்படைத்துவிடுங்கள் என்பது என் யோசனை. அவனுக்கு 15 வயது, மீசை முளைக்கிற வயதில் அம்மா பக்கத்தில் நின்று குளிக்கவைப்பது நியாயமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. தன் உடம்பை யார் பார்க்கலாம், எந்தக் கதவை எப்போது சாத்த வேண்டும், தன்னைத் தொட்டுக்கொள்வது தன் அறையில் மட்டும் என்பதையெல்லாம் ஓர் ஆண் சொல்லிக்கொடுப்பது எளிது. சவரம் பண்ணவும் அவர்தானே கற்றுத்தர வேண்டும். ஸ்டெம் செல்லுக்கு விசாரிக்கிற நேரம் இதற்குத் தாராளமாகப் போதும்.

சட்டை போடுவது மாதிரி வேலைகளைக் கடைசியிலிருந்து தொடங்கிக் கற்றுக்கொடுங்கள். தலை நுழைப்பது, கை நுழைப்பது எல்லாம் நீங்கள் செய்துவிட்டு, இடுப்பு வரைக்கும் இழுத்துவிடும் அந்தக் கடைசி இழுப்பை மட்டும் அவனுக்கு விடுங்கள். அது வந்ததும் அதற்கு முந்தைய படி. முதல் படியிலிருந்து தொடங்கினால் பாதியில் நாம் பிடுங்கிச் செய்து முடிப்போம், அவனுக்குக் கிடைப்பது தோல்வி. கடைசியிலிருந்து தொடங்கினால் முதல் நாளே வேலையை முடித்தது அவன்.

அடுத்து படிப்பா, தொழிலா. அந்த ஒரு மணி நேர எழுத்துப் பயிற்சியில் அவன் என்ன எழுதுகிறான் என்று நீங்கள் சொல்லவில்லை, என் ஊகம், பார்த்து எழுதுகிறான். பார்த்து எழுதியதைப் படித்துப் பொருள் சொல்ல முடியாவிட்டால் அது கைவேலைதான், எழுத்து இல்லை. தன் பெயர், கையெழுத்து, உங்கள் போன் நம்பர், பஸ் நம்பர், கடிகாரம், பட்டியலைப் பார்த்துப் பொருள் எடுப்பது, இவற்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். மீதி நேரத்துக்கு ஷாப்ளர் என்பவரின் வழியைச் சொல்கிறேன். எரிக் ஷாப்ளர் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆட்டிசம் உள்ளவர்களுக்காக உருவாக்கிய டீச் என்ற திட்டம் 1972லிருந்து மாநிலம் முழுக்க நடந்துவருகிறது. அதன் உயிர்நாடி நான்கு கேள்விகள்: என்ன வேலை, எவ்வளவு வேலை, எப்போது முடியும், முடிந்ததும் என்ன. இந்த நான்குக்கும் பதில் வாயால் சொல்லாமல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மேசையின் இடது பக்கம் மூன்று தட்டுகளில் மூன்று வேலை, வலது பக்கம் ஒரு பெட்டி, முடித்ததை அதில் போட வேண்டும், இடது பக்கம் காலியானால் வேலை முடிந்தது, மேலே ஒட்டியிருக்கும் படத்தில் இருப்பது அவனுக்குப் பிடித்த ஊஞ்சலோ பாட்டோ. நம் பிள்ளைகள் செய்கிற பாதி ரகளை "இது எப்போதுதான் முடியும்" என்று தெரியாததால் வருவது. எனக்கும் முடிவே தெரியாத மீட்டிங்கில் உட்கார்ந்தால் அப்படித்தான் வரும்.

என்ன தொழில் என்று என்னைக் கேட்பதைவிட அவனைப் பாருங்கள், யாரும் ஒன்றும் சொல்லாதபோது அவன் கை எதைத் தேடிப் போகிறது? லியோ கானர் என்ற குழந்தை மனநல டாக்டர் 1943ல் முதன்முதலாக ஆட்டிசத்தைப் பற்றி எழுதியபோது விவரித்த 11 குழந்தைகளில் முதலாவது பையன், டொனால்ட் ட்ரிப்ளெட், எதையாவது எண்ணிக்கொண்டும் அளந்துகொண்டும் இருப்பான். அவனைச் சில வருடம் ஒரு விவசாயத் தம்பதி வீட்டில் தங்கவைத்திருந்தார்கள். அந்த விவசாயி அவனை எண்ணாதே என்று சொல்லவில்லை. சோள வரிசையைத் திரும்பத் திரும்ப எண்ணுகிறாயா, சரி, உழுதுகொண்டே எண்ணு என்று குதிரையையும் கலப்பையையும் கொடுத்துவிட்டார். அளப்பதில் பைத்தியமா, கிணறு தோண்டி ஆழத்தை அளந்து சொல் என்றார். கானரே பின்னால் 1971ல் இதை எழுதியிருக்கிறார். அந்தப் பையன் கல்லூரி முடித்து, பேங்கில் வேலை பார்த்து, கார் ஓட்டி, கோல்ஃப் ஆடி, 2023ல் 89 வயதில் இறந்தார். பேங்க் அவர் குடும்பத்துக்குச் சொந்தமானது, வசதியான வீடு, நன்றாகப் பேசக்கூடியவர், அதையெல்லாம் மறைத்து உங்களுக்குக் கதை சொல்ல மாட்டேன். அந்த 11 பேரில் பெரிய அரசு மனநல விடுதிகளுக்குப் போனவர்கள் இருந்த திறமையையும் அங்கே இழந்தார்கள் என்பதும் அதே 1971 கட்டுரையில் இருக்கிறது. நான் எடுத்துக்கொள்வது அந்த விவசாயியை. உங்கள் மகன் பொருள்களை நிறவாரியாக அடுக்குகிறானா, துணியை ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடிக்கிறானா, தண்ணீரை விட்டு வர மறுக்கிறானா? அதற்குப் பக்கத்தில் ஒரு வேலை நிச்சயம் இருக்கும்.

எங்கே கற்றுக்கொடுப்பது என்பதும் முக்கியம். வகுப்பில் துண்டு மடிக்கத் தெரிந்தவன் வீட்டில் மடிக்க மாட்டான், ஏனென்றால் அவனுக்கு அது வேறு துண்டு, வேறு மேசை. அதனால் தொழிற்பயிற்சிக் கூடத்தில் பல வருடம் பழக்கி அப்புறம் வேலைக்கு அனுப்புவதைவிட, நிஜமான வேலை இடத்தில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் விட்டு, கூட ஒரு பயிற்சியாளர் நின்று பழக்கி மெல்ல விலகுவது பலன் தரும். பள்ளியில் 18 வரை காத்திருக்காமல் இப்போதே இதைக் கேளுங்கள். மீதி இருக்கிற மூன்று வருடத்துக்கு எழுத்துமூலமாகத் திட்டம் கேளுங்கள், அதில் "எழுத்துப் பயிற்சி மேம்படும்" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "யாரும் சொல்லாமல் இதைச் செய்வான்" என்று எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக உங்களுக்குப் பிறகு. இந்தக் கேள்வி புதிதில்லை. லண்டனில் 1962ல் பெற்றோர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள், சிபில் எல்கர் என்ற ஆசிரியையோடு சேர்ந்து 1965ல் ஆட்டிசக் குழந்தைகளுக்கென்றே ஒரு பள்ளி நடத்தினார்கள். குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள், அடுத்து எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை, 1974ல் அதே ஆசிரியை பெரியவர்களுக்கென்று சாமர்செட் கோர்ட் என்ற குடியிருப்பைத் தொடங்க வேண்டியதாயிற்று. எந்த நாட்டிலும் கதை இதுதான், பள்ளி முதலில் வந்தது, பெரியவர்களுக்கான ஏற்பாடு பின்னால் ஓடிவந்தது, இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே இப்போதே போய்ப் பாருங்கள்: நாலைந்து பேர் துணையாளரோடு தங்கும் வீடு, பகல்நேர மையம், சொந்த வீட்டுக்கே ஆள் வந்து உதவும் ஏற்பாடு, எது உங்களுக்கு எட்டுகிறதோ அது. போகும் இடத்தில் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சொல்லாமல் போய் அங்கே இருப்பவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள், அவர்கள் அறைக்குள் நுழையும்போது ஊழியர் கதவைத் தட்டுகிறாரா என்று பாருங்கள். 18 வயது ஆனதும் பெற்றோர் கையெழுத்து தானாகச் செல்லாமல் போகலாம், அந்தச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, ஒரு வக்கீலிடம் 17லேயே கேட்டுவிடுங்கள்.

மகளிடம் நன்றி சொல்லுங்கள், கூடவே அவள் இரண்டாவது அம்மா ஆக வேண்டியதில்லை என்றும் சொல்லுங்கள். அக்காவாக இருந்து, அவனைப் பார்த்துக்கொள்பவர்கள் ஒழுங்காகப் பார்க்கிறார்களா என்று கவனித்தாலே பெரிய காரியம். அதற்கு அவளுக்கு ஒரு நோட்டு வேண்டும், அதை நீங்கள்தான் எழுத முடியும். எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துவான், மாத்திரையை எப்படி விழுங்குவான், கோபம் வருவதற்கு முன் விரலை என்ன செய்வான், எதைச் சொன்னால் அடங்குவான், எதைச் சொன்னால் இன்னும் ஏறும். உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கிற இதெல்லாம் தாளுக்கு வர வேண்டும்.

அப்புறம் மற்ற கைகள். மாதத்தில் ஒருநாள், சித்தியோ, நம்பிக்கையான துணையாளரோ, இரண்டு மணி நேரம் அவனோடு இருக்கட்டும், நீங்கள் வீட்டில் இருக்கக்கூடாது. போகும் முன் படத்தில் காட்டிவிடுங்கள்: அம்மா வெளியே, சித்தி இங்கே, கடிகாரம் இப்படி வந்ததும் அம்மா. பிறகு அரை நாள், பிறகு ஒரு ராத்திரி. முதல் தடவை ரகளை நடக்கலாம், சித்தி போன் பண்ணலாம், நீங்கள் பாதி வழியில் திரும்பி வந்துவிடக்கூடாது.

முதலில் பல் டாக்டர். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.